தரையில் ஒரே ஓர் உறிஞ்சுவாய் வைத்துச் சுடுநீர்த் தொட்டி கட்டலாமா?

மாங்குளத்தான் எழுதியது:

மாங்குளத்துக்கு வடக்கே ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே நான்கு அறைகள் கொண்ட விருந்தினர் விடுதி ஒன்றைக் கட்டி வருகிறேன். வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பும் குடும்பங்களே எங்கள் விருந்தினர்கள் என்பதால், பின்முற்றத்தில் ஒரு சுடுநீர்த் தொட்டி வேண்டும் என்று இலண்டனில் இருக்கும் என் தமையனார் ஒற்றைக்காலில் நின்றார். சித்திரை வெயிலில் சுடுநீருக்குள் இறங்குபவர் யார் என்று கேட்டதற்கு, சூடாக்கியை நிறுத்திவிட்டுப் பச்சைத் தண்ணீரிலேயே ஓடவிடலாம் என்றார். தொட்டி 7 அடிக்கு 7 அடி, ஆழம் 3 அடி. கொங்கிறீற்றில் கட்டி ஓடு பதித்தாயிற்று. சுவரில் எட்டுப் பீச்சுகுழாய்கள் உள்ளன. அவற்றுக்குத் தண்ணீர் தள்ளுவதற்கு 2 குதிரைவலு நீர்ப்பம்பி ஒன்றும், அந்தப் பம்பிக்குத் தண்ணீர் எடுக்கத் தரையின் நடுவில் 2 அங்குலக் குழாய் ஒன்றும் வைத்திருக்கிறோம். குழாயின் வாயில் குளியலறைத் தரைக்குப் போடும் 4 அங்குல வட்டத் துளைமூடி பொருத்தப்பட்டுள்ளது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை முதன்முறையாகத் தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பார்த்தோம். மேசனார் ஓடு துடைத்த துணி ஒன்று தண்ணீருக்குள் விழுந்து, மெதுவாகச் சுற்றிச்சுற்றிக் கீழே போய், அந்த மூடியின்மேல் ஒட்டிக்கொண்டது. குனிந்து எடுக்கப் போனேன், வரவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தபோது துணி கிழிந்ததே தவிர மூடியை விட்டு அகலவில்லை. மோட்டரை நிறுத்தியதும் ஒன்றும் நடவாததுபோல் மிதந்து மேலே வந்தது. துணிக்குப் பதிலாகத் தங்கை மகளின் கை அங்கே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் அன்று இரவு முழுவதும் என்னை விடவில்லை. குழாய் வேலை செய்தவர் இதுதான் வழக்கம் என்கிறார். விடயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பைப்காரன் எழுதியது:

தம்பி, துணி உங்களுக்கு நல்ல வேளையில் விழுந்திருக்கிறது. கிளிநொச்சியில் முப்பது ஆண்டுகளாகக் குழாய் வேலை செய்கிறேன், கிணறும் வயலும் வீட்டுத் தாங்கியுமே என் தொழில், நீச்சல் தடாகம் இரண்டே இரண்டுதான் செய்திருக்கிறேன். ஆனாலும் பம்பி எங்கே போனாலும் பம்பிதான்.

கிணற்றில் தண்ணீர் 25 அடிக்குக் கீழே இறங்கினால் மேலே வைத்த பம்பி இழுக்காது என்பது வன்னியில் தோட்டம் செய்யும் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் கோடையில் பம்பியைக் கிணற்றுக்குள் பலகை கட்டி இறக்குகிறோம். அதையே மறுபக்கமாக யோசியுங்கள். ஒரு நல்ல பம்பி 7 மீற்றர் வரைக்கும் தண்ணீரை உறிஞ்சித் தூக்க வல்லது என்றால், அதன் உறிஞ்சுவாயை முழுமையாக அடைத்துவிடும் எதன்மேலும் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் ஏறத்தாழ 0.7 கிலோ பாரம் ஏறும். உங்கள் 2 அங்குலக் குழாயின் வாய் 20 சதுர சென்ரிமீற்றர். கணக்கு 14 கிலோ. மூடியின் கீழே 20 சென்ரிமீற்றர் அகலக் கிண்ணம் ஒன்று இருந்து, அதன் வாயை ஒருவரின் முதுகு அடைத்தால் பரப்பு 314 சதுர சென்ரிமீற்றர், பாரம் ஏறத்தாழ 220 கிலோ. மூன்று மூட்டை நெல்லை முதுகில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் கிடப்பவரை யார் தூக்குவது?

இங்கே உறிஞ்சுவது பம்பி என்று சொன்னாலும் அழுத்துவது மேலே உள்ள காற்றும் தண்ணீரும்தான். பம்பி கீழே இடத்தை வெறுமையாக்குகிறது, மேலுள்ளது வந்து அமர்கிறது. எனவே தொட்டி ஆழமில்லை என்பது ஓர் ஆறுதலே அல்ல.

வயல்வெளி எழுதியது:

பரந்தனிலிருந்து எழுதுகிறேன். பெரியவரின் கணக்கை மறுக்கவில்லை. ஆயினும் 14 கிலோ என்பது ஒரு வாளித் தண்ணீரின் பாரம், வளர்ந்த ஒருவர் அதைப் பிய்த்துக்கொண்டு எழுந்துவிடலாம். நாங்கள் சிறு வயதில் குளத்தில் குளித்தோம், குளத்து மதகான துருசடியில் பாய்ந்தோம், வாய்க்காலில் மிதந்தோம், கிணற்றில் பம்பி ஓடும்போதே இறங்கி நீந்தினோம். இடுப்பளவுத் தண்ணீருக்குள் ஒரு துளைக்காக இவ்வளவு பயப்பட வேண்டுமா? விடுதி நடத்துபவருக்குச் செலவைக் கூட்டுவதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஒரு எச்சரிக்கைப் பலகை போதாதா?

நீர்வழி எழுதியது:

முள்ளியவளையில் பிறந்து இப்போது ரொறன்ரோவில் நீச்சல் தடாகங்களையும் சுடுநீர்த் தொட்டிகளையும் பராமரிக்கும் வேலை செய்கிறேன். வயல்வெளி அண்ணா கேட்டது நியாயமான கேள்வி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2002ஆம் ஆண்டு யூன் மாதம், அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில், ஒரு விருந்து நடந்துகொண்டிருந்த வீட்டின் சுடுநீர்த் தொட்டிக்குள் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தரையிலிருந்த உறிஞ்சுவாயில் சிக்கிக்கொண்டாள். தாய் பிடித்து இழுத்தும் அவளை விடுவிக்க முடியவில்லை. பின்னர் வளர்ந்த ஆண்கள் இருவர் சேர்ந்து இழுத்தபோது மூடியே உடைந்துதான் அவள் வெளியே வந்தாள், ஆனால் உயிர் பிழைக்கவில்லை. அச்சிறுமி முன்னாள் வெளியுறவுச் செயலாளர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி. தாய் விடாமல் போராடியதன் பயனாக, வேர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற அவளது பெயரிலேயே ஒரு பாதுகாப்புச் சட்டம் 2007 டிசெம்பர் 19ஆம் திகதி கையொப்பமாகி, சரியாக ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. பொதுமக்கள் பயன்படுத்தும் தடாகங்களிலும் சுடுநீர்த் தொட்டிகளிலும் பரிசோதித்துத் தரச்சான்று பெற்ற மூடிகளே இருக்க வேண்டும், உடல் அடைத்துவிடக்கூடிய ஒற்றை உறிஞ்சுவாய் இருந்தால் மூடியோடு இன்னொரு பாதுகாப்பும் வேண்டும் என்பது அதன் சாரம்.

தொட்டிக்கு ஆழமில்லையே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 2007ஆம் ஆண்டு மினசோட்டாவில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி ஆழம் குறைந்த சிறுவர் தடாகத்தில் மூடி கழன்றிருந்த உறிஞ்சுவாயின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் மூழ்கவில்லை. உறிஞ்சுவிசை அவளது குடலையே வெளியே இழுத்துவிட்டது. உறுப்பு மாற்றுச் சத்திரசிகிச்சை செய்தும் அடுத்த ஆண்டு இறந்துபோனாள். இதை எழுதவே கை கூசுகிறது, ஆனால் பலகை போதும் என்பவர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை பலகை வாசித்துவிட்டு உட்காருவதில்லை.

சிக்கும் விதங்களை எங்கள் தொழிலில் ஐந்தாகப் பிரிப்பார்கள். உடல் ஒட்டுவது, குடல் வெளிவருவது ஆகிய இரண்டையும் சொல்லிவிட்டேன். கையோ காலோ விரலோ குழாய்க்குள் போய் வீங்கி மாட்டிக்கொள்வது மூன்றாவது. 14 கிலோவைப் பிய்த்துவிடலாம் என்றீர்கள் அல்லவா? உள்ளங்கை ஒட்டினால் பிய்க்கலாம். குழந்தையின் முன்கை 2 அங்குலக் குழாய்க்குள் புகுந்து வீங்கிவிட்டால் 14 கிலோவும் கணக்கில்லை, மோட்டரை நிறுத்தினாலும் வராது. நகை அல்லது ஆடை மூடியின் இடுக்கில் மாட்டுவது நான்காவது.

ஐந்தாவதுதான் சுடுநீர்த் தொட்டியில் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய அபாயம்: கூந்தல். பலர் நினைப்பதுபோல் முடியை உறிஞ்சுவிசை பிடித்து வைத்திருப்பதில்லை. மூடியின் துளைகள் வழியே தண்ணீர் வேகமாக உள்ளே போகும்போது மூடிக்குப் பின்னால் சுழல் உண்டாகிறது, அந்தச் சுழல் முடியை முறுக்கி முடிச்சுப் போட்டுவிடுகிறது. முடிச்சு துளையைவிடப் பெரியதானால் பம்பியை நிறுத்தினாலும் தலை வெளியே வராது. பீச்சுகுழாய்கள் ஓடும் தொட்டியில் பிள்ளைகள் தலையை உள்ளே அமிழ்த்தி விளையாடுவதும், நுரையில் அடியில் கிடப்பவர் மேலே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாமல் போவதும் சேர்ந்துகொண்டால் நேரம் மிகக் குறைவு.

மாங்குளத்தான் எழுதியது:

நன்றி அண்ணா. வாசித்துவிட்டு மோட்டரின் பியூசைக் கழற்றி என் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். குழாய்க்காரரிடம் பேசியபோது, தரையை உடைத்து இரண்டாவது குழாய் ஒன்று போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வால்வு வைத்துத் தருவதாகச் சொன்னார். தேவையான நேரத்தில் ஒன்றை அடைத்துக்கொள்ளலாமாம். அது சரியா?

பழைய பைப்காரன் எழுதியது:

இரண்டு வாய் சரி. வால்வு தவறு. ஒன்றை அடைக்க வழி வைத்தால் என்றாவது ஒருநாள் ஒருவர் அடைத்துவிட்டு மறந்துபோவார், அன்றைக்கு உங்களிடம் இருப்பது மறுபடியும் ஒற்றை வாய்தான். இரண்டு வாயும் ஒரே குழாயில், நடுவில் ரீ (T) இணைப்புப் போட்டு, இரண்டு பக்கமும் சம நீளமாக இணைய வேண்டும். இடையில் எதுவும் இருக்கக் கூடாது. இரண்டையும் ஒருவரே ஒரே நேரத்தில் அடைத்துவிட முடியாத தூரத்தில் வைக்க வேண்டும். நடுப்புள்ளிக்கு நடுப்புள்ளி 3 அடி என்பது அமெரிக்க வழக்கம், ஐரோப்பிய நியமம் பொதுத் தடாகங்களுக்கு 2 மீற்றர் கேட்கிறது. உங்கள் தொட்டியே 7 அடி என்பதால் ஒன்றைத் தரையிலும் மற்றதைச் சுவரிலுமாக வைப்பதும் உண்டு.

இனித் துளைமூடிக்கு வருவோம், என்னைக் கேட்டால் கோளாறே இங்கேதான். உங்கள் பம்பி நிமிடத்துக்கு 300 லீற்றர் தள்ளுகிறது என்று வையுங்கள், அதாவது செக்கனுக்கு 5 லீற்றர். குளியலறைத் துளைமூடி 4 அங்குலம் என்றாலும் தண்ணீர் போகும் துளைகள் அதில் மூன்றிலொரு பங்குதான், ஏறத்தாழ 25 சதுர சென்ரிமீற்றர். அப்படியானால் துளை வழியே தண்ணீர் செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில் பாய்கிறது. ஐரோப்பிய நியமத்தில் இந்த வேகம் 0.5 மீற்றரைத் தாண்டக் கூடாது. அதற்குள் நிற்பதற்கு 100 சதுர சென்ரிமீற்றர் திறந்த துளை வேண்டும். இரண்டு வாய் இருப்பதால் ஆளுக்குப் பாதி என்று பிரித்துவிடவும் கூடாது. ஒன்றை ஒருவர் அடைத்த அந்த நொடியில் முழுத் தண்ணீரும் மற்றதன் வழியே போகும், ஆதலால் ஒவ்வொரு மூடியும் தனியாக 300 லீற்றரைத் தாங்க வேண்டும்.

குளியலறை மூடி தண்ணீர் வடிவதற்குச் செய்தது, இழுப்பதற்குச் செய்ததல்ல. விலை மலிவு என்று எல்லாக் கடையிலும் அதையே எடுத்துத் தருகிறார்கள், நாமும் வாங்கிப் போட்டுவிடுகிறோம். நானும் ஒரு காலத்தில் போட்டிருக்கிறேன் என்பதையும் ஒளிக்கவில்லை.

வவுனியாத் தாதி எழுதியது:

மருத்துவமனை ஒன்றில் விபத்துப் பிரிவில் பணியாற்றுகிறேன். இந்த இழையில் எல்லோரும் வெள்ளைக்காரரின் நீச்சலுடையை மனதில் வைத்துப் பேசுவதுபோல் எனக்குப் படுகிறது. எங்கள் பெண்கள் குறுக்குக்கட்டோடும் ஆண்கள் சாரத்தோடும் தண்ணீருக்குள் இறங்குவார்கள். தொளதொளத்த துணி பம்பியின் வாய்க்கு எப்படிப் போகும் என்பதை மாங்குளத்தானின் துடைத்துணியே காட்டிவிட்டது. ஒரு சாரம் இரண்டு மூடிகளையும் மூடக்கூடிய அகலம் உடையது என்பதைப் பெரியவர் கவனத்தில் எடுக்க வேண்டும். இடுப்பு வரை பின்னல் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். தாலிக்கொடியையும் சங்கிலியையும் கழற்றிவிட்டுக் குளிக்கும் வழக்கமும் எங்களிடம் இல்லை. சங்கிலி மூடியின் இடுக்கில் விழுந்தால், அறுந்துபோகாத தடித்த கொடி என்றால், கழுத்துத்தான் அறும்.

சிக்கிய ஒருவரைக் கண்டால் முதலில் இழுக்கப் போகாதீர்கள். ஒருவர் ஓடிப்போய் மோட்டரை நிறுத்த வேண்டும், மற்றவர் சிக்கியவரின் முகத்தைத் தண்ணீருக்கு மேலே தாங்க வேண்டும். பம்பி நின்ற பிறகும் ஒட்டியிருந்தால் நேர்மேலாகத் தூக்காமல் ஓரத்தில் விரலை நுழைத்து உடலை ஒரு பக்கமாக உருட்டினால் பிடி விடும். முடி என்றால் யோசிக்காமல் வெட்டிவிடுங்கள். அதற்குக் கத்தரிக்கோல் தொட்டியடியிலேயே தொங்க வேண்டும், குசினி இலாச்சியில் இருந்து பயனில்லை. மூச்சில்லாமல் வெளியே எடுத்தவருக்கு நெஞ்சை அமுக்கத் தொடங்குமுன் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டும், ஏனெனில் நீரில் மூழ்கியவருக்கு முதற்குறை ஒட்சிசன்தான். 1990க்கு அழையுங்கள், நோயாளர் காவு வண்டி வரும். மாங்குளத்திலும் அதன் உட்பகுதிகளிலும் அது வந்துசேர எடுக்கும் நேரத்தை நினைத்துத்தான் இந்த முதலுதவியை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், மோட்டரின் சுவிட்ச் எங்கே இருக்கிறது?

மாங்குளத்தான் எழுதியது:

அக்கா, வெட்கத்தோடு சொல்கிறேன். விடுதியின் மறுபக்கத்தில், பூட்டிய களஞ்சிய அறைக்குள்.

நீர்வழி எழுதியது:

அதை முதலில் மாற்றுங்கள். பொதுமக்கள் பயன்படுத்தும் தொட்டிகளுக்கு அமெரிக்க மின்சார விதி கேட்பது, எல்லாப் பம்பிகளையும் ஒரே தட்டில் நிறுத்தும் அவசர சுவிட்ச் ஒன்று தொட்டி கண்ணுக்குத் தெரியும் இடத்தில், தண்ணீரிலிருந்து 5 அடிக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும் என்பதாகும். கிட்டவும் வேண்டும், ஈரக்கையோடு தொட்டிக்குள் நின்றுகொண்டு தொட முடியாமலும் வேண்டும். மின்கசிவைப் பிடிக்கும் ட்ரிப் சுவிட்ச் வேறு, இது வேறு. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று மின்வேலை செய்பவர் சொன்னால் ஏற்காதீர்கள்.

தாதி அக்கா சொன்ன ஆடை விடயத்தை நான் இங்கே இத்தனை ஆண்டு வேலையில் யோசித்ததே இல்லை. வெற்றிடம் உண்டானதும் தானாகவே காற்றைப் புகவிட்டுப் பிடியைத் தளர்த்தும் கருவிகள் உண்டு. அவை உடல் ஒட்டுவதற்கு உதவும். கூந்தலுக்கும் சங்கிலிக்கும் உதவா, குடல் விபத்தோ கருவி வேலை செய்வதற்கு முன்பே முடிந்துவிடும். எனவே கருவியை வாங்கிப் பூட்டிவிட்டு மூடியை மறந்துவிடலாம் என்பது எவருக்கும் பொருந்தாது.

வயல்வெளி எழுதியது:

மினசோட்டாப் பிள்ளையின் செய்தியை வாசித்த பிறகு என் பலகையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதோடு எனக்கே நினைவுக்கு வந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். துருசடியில் பாய்ந்தோம் என்று எழுதினேன். பாய்ந்தது துருசின் வெளிப்பக்கம், தண்ணீர் வந்து விழும் வாய்க்கால் பக்கம். குளத்தின் உட்பக்கம், துருசு தண்ணீரை இழுக்கும் இடத்தில், எங்கள் அப்பு எங்களை ஒருநாளும் இறங்க விட்டதில்லை. துருசு திறந்திருக்கும் நாளில் எருமையைக்கூட அந்தப் பக்கம் விடமாட்டார். மேலே பார்த்தால் தண்ணீர் அசையாமல் கிடக்கும், ஒரு வைக்கோல் துரும்பு மட்டும் ஓரிடத்தில் நின்று சுழலும்.

அப்படியானால் ஒரு கேள்வி. வயலுக்கு இறைக்கும்போது நாங்கள் குளத்துக்குள் பம்பிக் குழாயைப் போடுவதில்லை, வாய்க்காலில் வந்து விழும் தண்ணீரைத்தான் இறைக்கிறோம். இந்தத் தொட்டியிலும் தண்ணீரை மேல்விளிம்பால் வழியவிட்டு, அதை வெளியே ஒரு தாங்கியில் பிடித்து, பம்பியை அந்தத் தாங்கியில் பூட்டினால் என்ன? ஆட்கள் குளிக்கும் இடத்தில் உறிஞ்சுவாயே இருக்காதே.

நீர்வழி எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்னதைத்தான் பெரிய தடாகங்களில் வழிவிளிம்பும் சமநிலைத் தாங்கியும் என்று வைத்துக் கட்டுகிறார்கள். புவியீர்ப்பால் தண்ணீர் தாங்கிக்கு வருவதை மேலே சொன்ன சட்டமும் ஏற்றுக்கொண்ட வழிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

ஆனால் அளவு முக்கியம். ஐந்து பேர் தொட்டிக்குள் இறங்கினால் அவர்களின் உடல் ஏறத்தாழ 350 லீற்றர் தண்ணீரைத் தாங்கிக்குள் தள்ளும். அவர்கள் எழுந்து போனதும் தொட்டியின் நீர்மட்டம் 8 சென்ரிமீற்றர் அளவுக்குக் கீழே போய்விடும், வழிவது நின்றுவிடும், அந்த 350 லீற்றரைத் தாங்கி திரும்பக் கொடுக்க வேண்டும். ஆகவே 1000 லீற்றர்த் தாங்கியைப் பாதி நிரப்பி வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் இடம் இருக்கும். தண்ணீர் குறைந்தால் பம்பியை நிறுத்தும் மிதவை சுவிட்ச் ஒன்றும் வேண்டும், இல்லையேல் பம்பி வெறுமையாக ஓடி எரிந்துவிடும். தாங்கியின் வாய்க்குப் பூட்டுப் போடுங்கள். தொட்டிக்குள் இருந்த ஆபத்தைக் கொண்டுபோய்த் தாங்கிக்குள் வைத்ததாக ஆகிவிடக் கூடாது.

புவியீர்ப்பு என்றால் ஆபத்தே இல்லை என்றும் எடுக்க வேண்டாம். தரையிலிருந்து தாங்கிக்குக் குழாய் விட்டீர்கள் என்றால் 1 மீற்றர் நீர்மட்ட வேறுபாடே சதுர சென்ரிமீற்றருக்கு 0.1 கிலோ. 20 சென்ரிமீற்றர்க் கிண்ணத்துக்கு அது 31 கிலோ, சிறுபிள்ளையின் பலத்துக்கு மேல். மேல்விளிம்பால் மட்டும் எடுத்தால்தான் அண்ணா சொன்னது முழுமையாகப் பொருந்தும்.

முறிகண்டியான் எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். கனடாவிலிருந்து உறவினர் கொள்கலனில் அனுப்பிய, பாவித்த வார்ப்புத் தொட்டி ஒன்று எங்கள் வீட்டில் ஆறு மாதமாகக் கிடக்கிறது. அதன் உறிஞ்சுவாய் மூடிகளில் ஒன்று வெடித்திருக்கிறது, பம்பியும் ஓடவில்லை. மூடிக்குப் பதில் பி.வி.சி. தகட்டில் துளை போட்டும், பம்பிக்குப் பதில் உள்ளூரில் 3 குதிரைவலு ஒன்று வாங்கியும் பூட்டலாம் என்று எண்ணியிருந்தேன்.

நீர்வழி எழுதியது:

இரண்டையும் செய்யாதீர்கள். தொழிற்சாலையில் செய்த தொட்டியில் மூடியும் அதன் பின்னால் உள்ள கிண்ணமும் பம்பியும் ஒன்றையொன்று பார்த்துத் தேர்ந்தவை. மூடியைத் திருப்பிப் பாருங்கள், எத்தனை தண்ணீர் வரை தாங்கும், தரைக்கா சுவருக்கா, எத்தனை ஆண்டு பாவிக்கலாம் என்று அச்சிட்டிருக்கும். அந்த ஆண்டு முடிந்துவிட்டால் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் அது கழிவுதான். வெயிலும் குளோரினும் பிளாஸ்ரிக்கை உள்ளே உளுத்துப்போகச் செய்யும். அதே மாதிரி மூடியைத் தொட்டியின் மாதிரி எண்ணைக் கொடுத்து உறவினரிடமே வாங்கி அனுப்பச் சொல்லுங்கள், கடிதத்தின் பாரம்தான் இருக்கும்.

பம்பியைப் பற்றியும் ஒரு சொல். கனடாவின் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இலங்கையில் 50. அங்கே செய்த மோட்டர் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். பீச்சு மெலிவாக இருக்கிறதே என்று பெரிய பம்பி வாங்கிப் பூட்டும் ஆசை இதனால்தான் பலருக்கு வருகிறது. பம்பி பெரிதானால் மூடியில் எழுதிய அளவைத் தாண்டிவிடுவீர்கள்.

மாங்குளத்தான் எழுதியது:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். தரையை உடைக்குமுன் ஒரு சோதனை செய்து பார்க்க விரும்பினேன். தேங்காய்த் தும்பை ஒரு முழ நீளத்துக்கு விரித்து, தடியின் நுனியில் பின்னல்போல் கட்டி, பழைய துளைமூடிக்கு அருகே கொண்டுபோனேன். தங்கை சுவிட்ச் அருகே நின்றாள். ஒரு சாண் தூரம் வரை தும்பு சும்மா அலைந்தது. அதற்குக் கிட்டே போனதும் நுனிகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பி, பாம்பு புற்றுக்குள் போவதுபோல் துளைகளுக்குள் போய்விட்டன. மோட்டரை நிறுத்தச் சொன்னேன். தண்ணீர் அடங்கியது, பீச்சுகள் நின்றன, தடியை இழுத்தேன், தும்பு வரவில்லை. திருகாணி கழற்றி மூடியைத் தூக்கிப் பார்த்தபோது அதன் அடியில் நான்கு துளைகளின் தும்பும் ஒன்றோடொன்று முறுகிக் கோழிமுட்டை அளவு முடிச்சாகக் கிடந்தது. தங்கை அதைப் பார்த்துவிட்டுத் தன் மகளின் தலையைத் தடவிக்கொண்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

அந்த 2 அங்குலக் குழாயைப் பம்பியிலிருந்து வெட்டி எடுத்துவிட்டோம். இப்போது அது தொட்டியைக் கழுவும்போது தண்ணீரைத் தென்னந்தோப்புக்கு வடித்துவிட மட்டும் உதவும், அதன் வால்வுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறது. ஒரு பக்க விளிம்பைத் தாழ்த்தி, அதன் வெளியே கான் கட்டி, 1000 லீற்றர்த் தாங்கி ஒன்றைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கிப் பம்பியை அதில் பூட்டினோம். தண்ணீர் கானில் விழும் சத்தம் வாய்க்கால் சத்தம்போல் இருக்கிறது என்று தமையனார் தொலைபேசியில் கேட்டு மகிழ்ந்தார். செலவைப் பற்றி மட்டும் அவர் மகிழவில்லை.

நீர்வழி எழுதியது:

நன்று. முறிகண்டியான் போன்றவர்கள் வாசிப்பார்கள் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். தும்புச் சோதனை ஒரு மூடி கெட்டது என்று காட்ட வல்லது, நல்லது என்று சான்று தர வல்லதல்ல. தும்பு சிக்கவில்லை என்பதற்காகக் கூந்தலும் சிக்காது என்று எடுத்துவிடக் கூடாது. பரிசோதனைக்கூடத்தில் முடியை நனைத்து, பல கோணங்களில் வைத்து, வெளியே இழுக்க எவ்வளவு விசை தேவை என்று அளந்துதான் மூடிக்குச் சான்று கொடுக்கிறார்கள்.

பழைய பைப்காரன் எழுதியது:

எங்கள் பக்கத்துக் குழாய்க்கிணற்றுத் தண்ணீர் கடினம். தண்ணீர் காய்ச்சும் கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்பு மூடியின் துளைகளிலும் படியும், சூடாக்கினால் இன்னும் விரைவாகப் படியும். துளை சிறுத்தால் வேகம் கூடும், நூறு சதுர சென்ரிமீற்றர் என்று வாங்கியது நாளடைவில் குறைந்துவிடும். உறிஞ்சுவாய் உள்ள தொட்டி வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை பம்பியை நிறுத்திவிட்டு மூடியைக் கையால் தடவிப் பாருங்கள், திருகாணி எல்லாம் இருக்கிறதா என்றும் எண்ணுங்கள். ஒன்று குறைந்திருந்தால் அன்று தொட்டியைத் திறக்க வேண்டாம்.

தம்பி, அவசர சுவிட்சை எங்கே வைத்தீர்கள்?

மாங்குளத்தான் எழுதியது:

தொட்டியிலிருந்து ஆறு அடி தள்ளி, வேப்பமரத்தோடு நட்ட தூணில், சிவப்புக் குமிழாக. அதன் கீழே ஆணியில் கத்தரிக்கோல் தொங்குகிறது. நேற்று மேசனார் அதை எடுத்துச் சீமெந்துப் பை வெட்டியதைக் கண்டு, ஒரு சங்கிலி போட்டு நீளமாகக் கட்டியிருக்கிறேன். சங்கிலி தொட்டியின் நான்கு மூலைக்கும் எட்டுகிறதா என்று இன்று மாலை அளந்து பார்க்க வேண்டும்.